வேலையை விட்டால்தான் ஊழியமா?

திருகோணமலை நகரை அண்டிய கிராமம் ஒன்றிலிருந்து ஒரு சகோதரி நீண்ட கடிதம் எழுதியிருக்கிறார். ஆள் அடையாளம் தெரியாதபடி சில விவரங்களை மாற்றி, சுருக்கித் தருகிறேன்.

அவருக்கு வயது 29. சுகாதார வைத்திய அதிகாரி பணிமனை ஒன்றின் கீழ் மருத்துவமாதாக வேலை செய்கிறார். தமிழ், முஸ்லிம், சிங்கள வீடுகள் கலந்திருக்கும் அவருடைய பிரிவில் எல்லோருக்கும் அவர் 'மிட்வைஃப் மிஸ்'. அப்பா கடற்றொழிலாளி, பல வருடமாகச் சலரோகமும் பிரஷரும் உள்ளவர். தம்பி கம்பஸில் படிக்கிறார். வீட்டுக் கடனை மாதாமாதம் இவர்தான் கட்டுகிறார். மெதடிஸ்த சபையில் ஞானஸ்நானம் பெற்று, ஞாயிறு பாடசாலையில் வளர்ந்தவர். மூன்று வருடமாகச் சுயாதீன ஜெபக்குழு ஒன்றுக்கும் போய் வருகிறார்.

அங்கே ஓர் உபவாச ஜெபத்தில், வெளியூரிலிருந்து வந்த பிரசங்கியார் இவர் தலையில் கை வைத்து, "ஆண்டவர் உன்னை முழுநேர ஊழியத்துக்கு அழைக்கிறார். வருடம் முடிவதற்குள் வேலையை விடு. தாமதித்தால் வீட்டில் இழப்பு வரும்" என்று சொல்லியிருக்கிறார். வீட்டில் வந்து சொன்னதும் அம்மா அழுதுவிட்டார். இடம்பெயர்ந்து முகாமில் இருந்த காலத்தில், வயிற்றுப் பிள்ளை தங்கினால் ஆண்டவருக்கே கொடுத்துவிடுகிறேன் என்று பொருத்தனை செய்ததை அன்றுதான் மகளிடம் சொன்னாராம். அடுத்த மாதம் அப்பாவுக்குப் பாரிசவாதம் வந்து வலது கை விழுந்துவிட்டது.

"அக்கா, நான் கீழ்ப்படியாததால்தான் அப்பாவுக்கு இப்படி ஆனதா? வேலையை விடாவிட்டால் நானும் யோனாவா? ரெஜிஸ்டர் நிரப்புவதும் திரிபோஷா சத்துமா கொடுப்பதும்தான் என் வாழ்க்கை என்றால், ஆண்டவர் என்னை எதற்குப் பிழைக்க வைத்தார்?" என்று கேட்டிருக்கிறார்.

அன்பின் தங்கச்சி,

அப்பாவின் விஷயத்திலிருந்து தொடங்குகிறேன். மற்றவை ஒரு மாதம் பொறுக்கும், இது பொறுக்காது. கடிதத்தின் நடுவில், போகிறபோக்கில் ஒரு வரி எழுதியிருக்கிறீர்கள்: ஜெபக்குழுவின் சுகமளிக்கும் கூட்டத்துக்குப் போய் வந்த பிறகு அப்பா பிரஷர் மாத்திரையை நிறுத்தியிருந்தார் என்று. கிளினிக்கில் ஒரு தாய் இதை உங்களிடம் சொன்னால் அதற்கு மேல் வேறு காரணம் தேடியிருப்பீர்களா? பல வருடச் சலரோகம், உயர் இரத்த அழுத்தம், நிறுத்திய மாத்திரை. நீங்கள் ராஜினாமாக் கடிதம் கொடுக்காததற்கும் அப்பாவின் கை விழுந்ததற்கும் ஒரு தொடர்பும் இல்லை. பிறவியிலேயே பார்வை இல்லாத ஒருவரைக் காட்டி, இது இவன் செய்த பாவமா, பெற்றோர் செய்த பாவமா என்று சீஷர்கள் கேட்டபோது இயேசு இரண்டையுமே மறுத்தார் (யோவான் 9). அந்தப் பதில் உங்கள் வீட்டுக்கும் பொருந்தும்.

அப்பா மாத்திரையைத் தொடர்கிறாரா என்று இன்றைக்கே பாருங்கள். பெரியாஸ்பத்திரி கிளினிக் திகதியைத் தவறவிடாதீர்கள். இயன்மருத்துவப் பயிற்சியைத் தொடக்க மாதங்களில் விடாமல் செய்தால் கை எவ்வளவோ திரும்பும் என்பதை உங்களுக்கு நான் சொல்லத் தேவையில்லை. ஜெபிக்கிறவர்கள் ஜெபிக்கட்டும். மருந்தை நிறுத்தச் சொல்லும் உரிமை அவர்களுக்கு இல்லை.

யோனாவைப் பற்றி ஒன்று. அவருக்குத் தேவனுடைய வார்த்தை நேரடியாக வந்தது. போக வேண்டிய ஊரின் பெயர் உட்பட எல்லாம் அவருக்குத் தெளிவாகத் தெரியும். தெரிந்துகொண்டே எதிர்த்திசைக்குக் கப்பல் ஏறினார். நீங்களோ தெளிவில்லாமல் நின்று, தெளிவு வேண்டும் என்று கேட்கிறீர்கள். கேட்பது ஓடுவது அல்ல. ஆண்டவர் சொன்னதை உறுதிப்படுத்திக்கொள்ள கிதியோன் ஆட்டுத்தோலைப் போட்டு இரண்டு முறை சோதித்தார், ஆண்டவர் இரண்டு முறையும் பொறுமையாகப் பதில் கொடுத்தார்.

பிரசங்கியார் சொன்ன வார்த்தை

அவர் வேண்டுமென்றே உங்களை ஏமாற்றினார் என்று நான் சொல்ல வரவில்லை. அவருடைய உள்ளத்தை நான் அறியேன். ஆனால் சொன்ன விதத்தை வேதத்தோடு ஒப்பிட்டுப் பார்க்கலாம், அப்படிப் பார்க்கச் சொல்வதும் வேதம்தான். தீர்க்கதரிசிகள் பேசும்போது மற்றவர்கள் நிதானிக்க வேண்டும் என்கிறார் பவுல் (1 கொரிந்தியர் 14). அப்போஸ்தலர் 21ஆம் அதிகாரத்தில் அகபு என்ற தீர்க்கதரிசி பவுலின் இடைக்கச்சையால் தன் கைகால்களைக் கட்டிக்கொண்டு, எருசலேமில் இப்படித்தான் நடக்கும் என்கிறார். நடக்கப் போவதைச் சொன்னாரே தவிர, போ என்றோ போகாதே என்றோ கட்டளை இடவில்லை. கூட இருந்தவர்கள் அழுது தடுத்தார்கள். முடிவு எடுத்தது பவுல். எவ்வளவு பெரிய தீர்க்கதரிசனம் வந்தாலும், யாருடைய வாழ்க்கையோ அவர் கையில்தான் முடிவு இருந்தது.

அந்தியோகியாவில் நடந்ததையும் பாருங்கள் (அப்போஸ்தலர் 13). ஐந்து பேரின் பெயரைச் சொல்லி, அவர்கள் ஆராதித்து உபவாசித்துக் கொண்டிருக்கும்போது பரிசுத்த ஆவியானவர் பேசினார் என்று எழுதியிருக்கிறது. அவர் பிரித்தெடுக்கச் சொன்ன பர்னபாவையும் சவுல் என்ற பவுலையும் அந்தச் சபைக்குத் தெரியும். அவர்கள் அங்கே ஒரு வருடம் தங்கிப் போதித்தவர்கள். குணம் தெரிந்தவர்கள் கை வைத்து அனுப்பினார்கள். உங்களுக்குக் கை வைத்தவர் அன்றுதான் உங்களை முதன்முதலாகப் பார்த்தார் என்று எழுதியிருக்கிறீர்கள். உங்கள் அப்பாவின் நோயோ வீட்டுக் கடனோ அவருக்குத் தெரியாது.

எனக்குப் பெரிய உறுத்தல் அந்தத் தவணைதான். உளவளத்துணை வேலையில் பல வருடம் மனிதர்களின் பேச்சைக் கேட்டு வந்திருக்கிறேன். 'இன்ன திகதிக்குள் செய், இல்லாவிட்டால் வீட்டில் இழப்பு' என்ற அமைப்பில் வரும் எந்தப் பேச்சும், யார் வாயிலிருந்து வந்தாலும், கேட்பவரை யோசிக்க விடாது. பயத்தில் எடுத்த முடிவை மனம் சில மாதத்தில் திரும்ப விசாரிக்கத் தொடங்கும். அப்போது உங்கள் கையில் வேலையும் இருக்காது.

அம்மாவின் பொருத்தனை

இதை அவசரமாகக் கடந்து போக எனக்கு மனமில்லை. முகாமில், அடுத்த நாள் என்ன என்று தெரியாமல், வயிற்றில் பிள்ளையோடு இருந்த ஒரு பெண் ஆண்டவரிடம் கொடுக்கக்கூடியது வேறென்ன இருந்திருக்கும்? அம்மாவைக் குறை சொல்லாதீர்கள். இத்தனை வருடம் சொல்லாமல் வைத்திருந்ததும் உங்கள் மீது பாரத்தை ஏற்ற விரும்பாத அன்பாகத்தான் எனக்குத் தெரிகிறது.

ஆனால் பொருத்தனை செய்தவர் அம்மா. வேதத்தில் பொருத்தனை அதைச் செய்தவரையே கட்டும். பிள்ளை வேண்டி அன்னாள் செய்த பொருத்தனையை அன்னாளே நிறைவேற்றினாள். அப்படிக் கொடுக்கப்பட்ட சாமுவேலைக்கூட, தாய் நேர்ந்துவிட்டாள் என்பதற்காக ஆண்டவர் பேசாமல் எடுத்துக்கொள்ளவில்லை. பெயர் சொல்லித் தனியாகக் கூப்பிட்டார். அவன் விளங்காமல் மூன்று முறை ஆசாரியன் ஏலியிடம் ஓடியபோதும் கோபிக்காமல் மறுபடி கூப்பிட்டார்.

நம்முடைய பிரசங்கங்களில் அதிகம் கேட்காத ஓர் அதிகாரமும் இருக்கிறது, லேவியராகமம் 27. ஒருவர் ஓர் ஆளை ஆண்டவருக்கென்று நேர்ந்துவிட்டால், அந்த ஆளுக்கு ஈடாக ஒரு மதிப்பைச் செலுத்தலாம் என்று அங்கே விதி இருக்கிறது. ஐந்து வயதுக்கு உட்பட்ட பெண்பிள்ளைக்கு மூன்று சேக்கல் வெள்ளி. அதைக் கொடுக்க முடியாத ஏழை என்றால், பொருத்தனை செய்தவரின் சக்திக்குத் தக்கதாக ஆசாரியன் மதிக்க வேண்டும். நியாயப்பிரமாணத்திலேயே ஆண்டவர் ஏழைத் தாயின் இயலாமைக்கு இடம் வைத்திருக்கிறார்.

ஆகவே அம்மாவையும் கூட்டிக்கொண்டு உங்கள் சபைக் குருவானவரிடம் போங்கள். நடந்ததைச் சொல்லுங்கள். ஒரு ஸ்தோத்திர ஆராதனையில், அம்மா தன்னால் இயன்ற காணிக்கையைத் தன் கையால் வைத்து, இந்தப் பிள்ளையை உயிரோடு தந்ததற்கு நன்றி சொல்லட்டும். அவருக்கு அது பெரிய ஆறுதலாக இருக்கும். இன்னொன்றும் அம்மாவிடம் கேட்டுப் பாருங்கள்: அந்த முகாமில் உங்களைப் பிரசவம் பார்த்தது யார்?

ரெஜிஸ்டரும் திரிபோஷாவும்

'வெறும் வேலை' என்று எழுதியிருக்கிறீர்கள். இதில் நான் உங்களோடு உடன்படவில்லை.

யாத்திராகமம் முதலாம் அதிகாரத்தை எடுத்து வாசியுங்கள். எபிரெய ஆண்பிள்ளைகளைக் கொல்லச் சொன்ன அரசனின் பெயர் அங்கே இல்லை, பார்வோன் என்ற பட்டம் மட்டும்தான். அவனுக்குக் கீழ்ப்படியாமல் பிள்ளைகளைக் காப்பாற்றிய மருத்துவச்சிகள் இரண்டு பேரின் பெயர் இருக்கிறது: சிப்பிராள், பூவாள். அவர்கள் தேவனுக்குப் பயந்தார்கள் என்றும் தேவன் அவர்களுக்கு நன்மை செய்தார் என்றும் எழுதியிருக்கிறது. அவர்கள் பிரசவம் பார்ப்பதை விட்டுவிட்டு ஊழியத்துக்குப் போகவில்லை. பிரசவம் பார்த்த இடத்திலேயே கீழ்ப்படிந்தார்கள். மோசே பிறந்தது அதற்குப் பிறகுதான்.

நம் நாட்டுக்கு வருவோம். 1926ஆம் ஆண்டு களுத்துறையில் முதல் சுகாதாரப் பிரிவு தொடங்கியதிலிருந்து வளர்ந்து வந்தது நீங்கள் வேலை செய்யும் அமைப்பு. 1930களில் ஒரு லட்சம் பிள்ளைப்பேறுக்கு 2000க்கும் மேற்பட்ட தாய்மார் இறந்த நாடு இது. இன்று அந்த எண் 50க்கும் கீழே. மலேரியா ஒழிப்பு, படிப்பறிவு, ஆஸ்பத்திரிகள் என்று காரணங்கள் பல. ஆனால் மழையிலும் வெயிலிலும் வீடு வீடாகப் போன மருத்துவமாதுகள் இல்லாமல் இது நடந்திருக்காது. உங்களைச் சலிக்க வைக்கும் அந்த ரெஜிஸ்டர், கிளினிக்குக்கு வராமல் போன தாயைத் தேடிக் கண்டுபிடிப்பதற்காக இருக்கிறது. தேடிப் போகிறவரைக் கிறிஸ்தவர்களாகிய நாம் எப்படி மதிக்க வேண்டும் என்பதற்குத் தொலைந்த ஆட்டின் உவமையை இயேசுவே சொல்லியிருக்கிறார்.

மிஷன் வரலாற்றிலும் இதைப் பார்க்கலாம். 1847இல் யாழ்ப்பாணம் வந்த அமெரிக்க மிஷன் வைத்தியர் சாமுவேல் கிறீன், மானிப்பாயில் தமிழ் மாணவர்களுக்குத் தமிழிலேயே வைத்தியம் கற்பித்தார். பிரசவ வைத்தியம் பற்றிய ஒரு நூலை 1857இல் தமிழாக்கி வெளியிட்டார். அழைப்பு என்று கடல் கடந்து வந்த ஒருவர் தமிழ்ப் பெண்கள் பிள்ளைப்பேற்றில் சாகாமல் இருப்பதற்காக ராத்திரி பகலாக எழுதியிருக்கிறார். நீங்கள் அந்த வேலையைச் சம்பள நாளை எதிர்பார்த்துச் செய்யும் ஒன்றாகவே பார்க்கப் பழகிவிட்டீர்கள்.

ஆனாலும் உங்கள் சலிப்பு பொய்யல்ல. 2022 நெருக்கடிக்குப் பிறகு சுகாதாரத் துறையிலிருந்து பலர் வெளிநாடு போனார்கள். பக்கத்துப் பிரிவையும் சேர்த்துப் பார்ப்பதாக எழுதியிருக்கிறீர்கள். வீட்டில் அப்பாவைப் பராமரிக்கிறீர்கள். ஒழுங்கான நித்திரை இல்லை. களைத்த மனம் வேறொரு வாழ்க்கைக்கு ஏங்கும், அந்த ஏக்கத்தை நாம் சுலபமாக ஆண்டவருடைய குரல் என்று நினைத்துவிடுவோம். சேர்ந்திருக்கும் லீவில் இரண்டு வாரம் எடுங்கள். உறங்குங்கள். அதற்குப் பிறகும் போதிக்க வேண்டும், ஆத்துமாக்களைப் பராமரிக்க வேண்டும் என்ற வாஞ்சை குறையாமல் இருக்கிறதா என்று பாருங்கள். குறைந்துவிட்டால் உங்களுக்குத் தேவைப்பட்டது ஓய்வு.

வீட்டுக்குள் போகும்போது

வேலையை விடும் வரைக்கும் வீட்டுத் தரிசிப்புகளில் துண்டுப்பிரசுரம் கொடுக்கலாம் என்று ஜெபக்குழுவில் சொன்னதாக எழுதியிருக்கிறீர்கள். தயவு செய்து இதைச் செய்யாதீர்கள். அரசியலமைப்பின் 10ஆம் உறுப்புரையும் 14(1)(உ)வும் ஒவ்வொருவருக்கும் மதச் சுதந்திரத்தையும் அதைக் கடைப்பிடித்துப் போதிக்கும் சுதந்திரத்தையும் தருகின்றன. ஒரு குடிமகளாக அது உங்களுக்கும் உண்டு. ஆனால் கர்ப்பிணிப் பெண் கதவைத் திறப்பது அரசாங்க மருத்துவமாதுக்கு. உங்கள் சொல்லில் தன் பிள்ளையின் உயிர் தங்கியிருக்கும் நிலையில், 'வேண்டாம் மிஸ்' என்று சொல்ல அவளுக்குத் தைரியம் வராது. மறுக்க முடியாதவரிடம் நீட்டும் சுவிசேஷம் சுவிசேஷம் அல்ல. முறைப்பாடு போனால் ஒழுக்காற்று விசாரணையும் வரலாம்.

நம் மாவட்டத்தின் நிலையையும் நினையுங்கள். 2004 சுனாமிக்குப் பின் உதவியோடு மதப் பிரசாரமும் வந்ததென்ற கசப்பு பல இடங்களில் எழுந்தது. ஒரு முஸ்லிம் வீட்டில் மாமியார் உங்களைச் சந்தேகித்து மருமகளைக் கிளினிக்குக்கு அனுப்பாமல் விட்டால், இழப்பு அந்தப் பிள்ளைக்கு. யாராவது தாமாக உங்கள் விசுவாசத்தைப் பற்றிக் கேட்டால், வேலை நேரத்துக்கு வெளியே சாந்தத்தோடு பதில் சொல்லுங்கள். பேதுருவின் நிருபம் கேட்பதும் அதைத்தான்.

உண்மையிலேயே அழைப்பாக இருந்தால்

இருக்கலாம். உங்களைத் தடுப்பதற்காக நான் இதை எழுதவில்லை. மெதடிஸ்த திருச்சபையில் பெண்களும் குருவானவர்களாக இருக்கிறார்கள். அந்த வழி மெதுவானது, அந்த மெதுவில்தான் உங்களுக்குப் பாதுகாப்பு இருக்கிறது: முதலில் வேலையில் இருந்துகொண்டே சபையில் உள்ளூர்ப் பிரசங்கியாராகப் பயிற்சி, பிறகு உங்களை அறிந்தவர்களின் சிபாரிசு, நேர்முகம், படிப்பு. அங்கிலிக்கன், மெதடிஸ்த, பப்திஸ்து, பிரஸ்பிட்டேரியன் சபைகள் சேர்ந்து 1963இல் பிலிமத்தலாவையில் தொடங்கிய இலங்கை இறையியல் கல்லூரியில் தமிழிலும் படிக்கலாம். பவுலும் கொரிந்துவில் ஆக்கில்லா, பிரிஸ்கில்லாளோடு கூடாரம் செய்துகொண்டே ஓய்வுநாள்தோறும் ஜெப ஆலயத்தில் பேசினார். சம்பள வேலை அவருடைய ஊழியத்தைக் குறைக்கவில்லை.

எந்த முடிவுக்கும் முன் சில விஷயங்களைக் கையில் எடுத்துப் பாருங்கள். நியமனக் கடிதத்தில் ஓய்வூதியம் பற்றி என்ன எழுதியிருக்கிறது, பயிற்சிக்குச் சேரும்போது கையொப்பமிட்ட ஒப்பந்தக் காலம் முடிந்துவிட்டதா என்று பணிமனையில் கேளுங்கள். அரச சேவையிலிருந்து ராஜினாமா செய்தால் ஓய்வூதிய உரிமை போய்விடும், பிறகு மனம் மாறினாலும் அதே இடம் காத்திருக்காது. சம்பளமற்ற விடுமுறைக்கு வழி உண்டா என்றும் கேளுங்கள். சுற்றறிக்கைகள் மாறிக்கொண்டே இருப்பதால் இன்றைய நிலையை எழுத்தில் பெறுங்கள்.

ஜெபக்குழு உங்களுக்குச் 'சாப்பாடும் தங்குமிடமும் கைச்செலவும்' தருவதாகச் சொல்லியிருக்கிறது. எவ்வளவு, எத்தனை காலத்துக்கு, யார் பொறுப்பு? ஊழியர் சேமலாப நிதிக்கு உங்கள் 8 வீதமும் அவர்களுடைய 12 வீதமும், ஊழியர் நம்பிக்கை நிதிக்கு 3 வீதமும் கட்டுவார்களா? கணக்குகளை யார் பார்க்கிறார்கள்? கோபுரம் கட்ட நினைக்கிறவன் முதலில் உட்கார்ந்து செலவைக் கணக்கிட வேண்டும் என்று சொன்னது இயேசு. கணக்குக் கேட்பதை அவிசுவாசம் என்று யாராவது சொன்னால் அவரிடம் லூக்கா 14ஐக் காட்டுங்கள். வீட்டுப் பொறுப்பையும் கொச்சைப்படுத்த விடாதீர்கள். தேவனுக்குக் காணிக்கை என்று சொல்லித் தாய் தகப்பனைக் கைவிடும் வழக்கத்தை இயேசு கடுமையாகக் கண்டித்திருக்கிறார் (மாற்கு 7).

கல்யாணப் பேச்சு பற்றி இரண்டு வரி எழுதியிருந்தீர்கள். வருகிறவரிடம் இந்த வாஞ்சையை மறைக்காமல் சொல்லிவிடுங்கள், அவ்வளவுதான்.

அடுத்த மாதம் அந்தப் பிரசங்கியார் மறுபடி வருகிறார், என்ன சொல்வது என்று கேட்டிருந்தீர்கள். தனியாகச் சந்திக்காதீர்கள். அம்மாவையோ சபையில் நீங்கள் நம்பும் ஓர் அக்காவையோ கூட்டிப் போங்கள். "ஐயா, நீங்கள் சொன்னதை ஜெபத்தில் வைத்திருக்கிறேன். என்னைத் தெரிந்த என் குருவானவரோடும் சபையோடும் சேர்ந்து இதை நிதானித்துப் பார்க்கிறேன். அதற்குத் திகதி வைக்கவில்லை. அதுவரைக்கும் என் வேலையில் இருப்பேன்" என்று சொல்லுங்கள். அதற்கு மேல் விளக்கம் கொடுக்கக் கடமை இல்லை. உண்மையான மேய்ப்பர் என்றால் சந்தோஷப்பட்டு உங்களுக்காக ஜெபிப்பார். மறுபடியும் இழப்பு, தண்டனை என்று தொடங்கினால், எழுந்து வீட்டுக்கு வந்துவிடுங்கள், அந்தக் கூட்டங்களுக்குப் போவதையும் நிறுத்துங்கள். அதற்குப் பிறகு இரவில் பயம் வந்து நித்திரை கெட்டால், அல்லது அப்பாவின் நோய்க்கு நான்தான் காரணம் என்ற எண்ணம் விடாமல் திரும்பத் திரும்ப வந்தால், ஆஸ்பத்திரியின் மனநலப் பிரிவில் பேசுங்கள். எனக்கும் எழுதுங்கள்.